ஒன்பதாவது வருஷத்து மழை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கிறிஸ்துராஜுக்கு டெஸ்பாட்ச் வேலை. போல்ட், புஷ், பின் என்று கேட்ட அளவுக்குக் கடைந்து கொடுக்கும் கம்பெனி. நாற்பது பேர் இருந்தார்கள். முடிந்த சாமானைப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது அவர் வேலையில் பாதி. முடியாத சாமானுக்கு ஃபோனில் பதில் சொல்வது மீதி.

பதில் ஒன்றே ஒன்றுதான்.

"பிளேட்டிங்குக்குப் போயிருக்கு சார். வந்ததும் அனுப்பிடறோம்."

எஸ்டேட்டில் எல்லா டெஸ்பாட்ச் ஆட்களும் இதைத்தான் சொன்னார்கள். கடைந்த சாமான் துருப்பிடிக்காமல் இருக்க நிக்கல் முலாம் பூச வேண்டும். அதை வெளியே கொடுத்துத்தான் செய்வார்கள். அதனால் சாமான் கையில் இல்லை என்பதற்கு அது பொருத்தமான காரணமாக இருந்தது. கடைவதற்கான இரும்பு ராடே இன்னும் அறுக்காத ஆர்டரும் பிளேட்டிங்குக்குப் போயிருக்கும். கேட்கிறவருக்கும் இது தெரியும். அவர் போய்த் தன் முதலாளியிடம் அதையே சொல்வார். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. ஃபோனை எடுத்ததும் வணக்கம் சொல்வதைப் போல அதுவும் ஒன்று.

அவர்களுக்கு பிளேட்டிங் செய்து கொடுத்தவர் பூந்தமல்லி உஸ்மான் கனி. முன்னால் முலாம் தொட்டிகள், பின்னால் வீடு. சில வாடிக்கையாளர்கள் கிறிஸ்துராஜின் பதிலை நம்பாமல் நேராகப் பூந்தமல்லிக்கே போய் நின்றுவிடுவார்கள். உஸ்மான் கனி அந்தச் சாமானைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்கமாட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, தொட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தோம், காய்ந்துகொண்டிருக்கிறது என்பார். பிறகு கிறிஸ்துராஜ் வரும்போது, இந்த மாதம் மூன்று பேரைக் காயவைத்து அனுப்பினேன் என்று சிரிப்பார்.

பதினோரு வருஷம் இப்படிப் போனது.

1987இல் கிறிஸ்துராஜ் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தது. ரப்பர் விசைகள், சாப்பாட்டுத் தட்டின் அகலம். திரைக்கு வீட்டு டிவி, சேமிப்பதற்கு டேப் ரெக்கார்டர். கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிஷம் கீச்சிடும், அப்புறம்தான் படம் வரும். மனைவி ஞானசௌந்தரிக்கு மாலையில் டிவி வேண்டும். அதனால் விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரை அவருக்கு நேரம். கூடவே வந்திருந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு வருஷத்தில் தானே ஒரு விளையாட்டு எழுதிவிட்டார்.

அதற்கு "மதகு" என்று பெயர் வைத்தார். திரையில் ஓர் ஏரி. செம்பரம்பாக்கம் என்று மனசில் வைத்துச் செய்தது. ஏரிக்குக் கீழே வயல்கள். மழை பெய்யும், தண்ணீர் ஏறும். மதகைத் திறக்காவிட்டால் கரை உடையும், அதிகமாகத் திறந்தால் கோடையில் வயல் காயும். உண்மையான ஏரியில் எத்தனை மதகு என்று அவர் எண்ணவில்லை. கைக்கு ஐந்து விரல் என்பதால் ஐந்து மதகு, ஒன்றுக்கு ஒரு விசை. ஏரி எத்தனை வருஷம் உடையாமல் இருந்ததோ அதுதான் மதிப்பெண். மழைக்கு, கம்பெனியில் வயதான ஆட்களிடம் எந்த வருஷம் நல்ல மழை, எந்த வருஷம் வறட்சி என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர்கள் கல்யாணத்தையும் சாவையும் வைத்துச் சொன்னார்கள். அப்படி முப்பது வருஷத்து மழை சேர்ந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் நாமே வரைந்துகொள்வதற்கு இருபத்தொரு எழுத்து வடிவங்களுக்குத்தான் இடம் உண்டு. தமிழை அதற்குள் அடக்க வேண்டும். எந்தச் சொல்லுக்கு எத்தனை வடிவம் செலவாகும் என்று நோட்டில் போட்டுப் பார்த்து, சில சொற்களை மட்டும் வைத்துக்கொண்டார். மழை, மதகு, நாளை, உடைந்தது. இந்த மாதிரி.

கிறிஸ்துராஜ் குடியிருந்த ஆவடியில் அருள்தாஸ் என்ற பள்ளி ஆசிரியர் இதே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களைத் தேடிச் சேர்த்திருந்தார். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்த பிறகு மாதா கோயில் ஹாலில் கூடுவார்கள். பதினெட்டுப் பேர். அருள்தாஸ் இரண்டு பக்கத்துக்கு ஒரு தாள் சைக்ளோஸ்டைல் எடுத்து எல்லோருக்கும் கொடுப்பார். 1988 நவம்பரில் கிறிஸ்துராஜ் பதினெட்டு கேசட் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மாதம் வேறெதைப் பற்றியும் பேச்சில்லை. யாருடைய ஏரி எத்தனை வருஷம் நின்றது என்பதுதான் பேச்சு. அருள்தாஸின் ஏரி பதினாறு வருஷம். ரயில்வேயில் இருந்த ஒருவருடையது பத்தொன்பது. கிறிஸ்துராஜ் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் செய்த எதையும் யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

பத்தொன்பதாவது கேசட் பூந்தமல்லிக்குப் போனது.

உஸ்மான் கனியின் மனைவி ஷம்ஷாத்துக்கு மஸ்கட்டில் ஓர் அண்ணன் இருந்தார், பஷீருதீன் என்று. விடுமுறைக்கு வந்தவர் தன் கம்ப்யூட்டரைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். குடும்பத்தை மஸ்கட்டுக்கு அழைத்துக்கொள்ளும்போது அதையும் எடுத்துப்போவதாக ஏற்பாடு. சாமான் எடுக்கப் போன கிறிஸ்துராஜ் அதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை கேசட்டைக் கொண்டுபோனார். ஷம்ஷாத்துக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும். பகலில் கேசட்டைப் போட்டுவிட்டு, அது கீச்சிடும் ஐந்து நிமிஷத்தில் அரிசி களைந்துவிட்டு வருவாள் என்று உஸ்மான் கனி சொன்னார்.

1989 பிப்ரவரியில் அவளிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது.

"அண்ணன் அவர்களுக்கு. என் ஏரி நாற்பத்தெட்டு வருஷம் நின்றது. முப்பத்தோராவது வருஷத்தில் முதல் வருஷத்து மழையே திரும்பி வருகிறது. எல்லா மழையும் எனக்கு மனப்பாடம். இனி என் ஏரி உடையாது. தயவுசெய்து இரண்டாம் பாகம் எழுதவும்."

கிறிஸ்துராஜ் அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்து ஒரு வாரம் கம்பெனிக்குக் கொண்டுபோனார். நாற்பத்தெட்டு என்ற எண்ணை ஞானசௌந்தரிக்குக் காட்டினார். அருள்தாஸுக்குக் காட்டினார்.

இரண்டாம் பாகம் தயாராகிவிடுமா என்று அருள்தாஸ் கேட்டார். ஆகிவிடும் என்றார். எப்போது என்று கேட்டதற்குக் கிறிஸ்துமஸ் என்று வாயில் வந்தது. அப்போது அவர் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. அடுத்த இரண்டாம் ஞாயிறு தாளில் கட்டம் கட்டி வந்துவிட்டது: "மதகு - இரண்டாம் பாகம். கிறிஸ்துமஸுக்கு."

இரண்டாம் பாகத்தில் வயலோடு நகரமும் தண்ணீர் கேட்கும். ஏரியிலிருந்து பட்டணத்துக்கு ஒரு குழாய். மழையும் முதல் பாகத்தைப் போல வரிசையாக வராமல் ஒவ்வொரு முறையும் கலைந்து வரும், யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. யோசனை நன்றாகத்தான் இருந்தது. இடம் போதவில்லை. அவ்வளவு சிறிய நினைவகத்தில் எதையாவது சேர்த்தால் எதையாவது எடுக்க வேண்டும். வயல்களைச் சிறிதாக்கினார். மழையை வெட்டினார். கரையில் நின்ற பனைமரங்களை எடுத்தார். நவம்பரில் எல்லாம் சேர்ந்து ஓடியது. எட்டு வருஷம் ஓடியது. ஒன்பதாவது வருஷத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. மீண்டும் போட்டார். எட்டு வருஷம் ஓடி ஒன்பதில் நின்றது.

டிசம்பர் கூட்டத்துக்கு முன்பே தசரதன் கடையில் பத்துக் காலி கேசட் வாங்கி வைத்திருந்தார். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை. கூட்டத்தில், சின்ன வேலை ஒன்று பாக்கி, பொங்கலுக்கு வந்துவிடும் என்றார். பொங்கல் கூட்டத்தில் எழுத்துகளை மாற்றி வரைவதாகச் சொன்னார். எழுத்துகள் செப்டம்பரிலேயே முடிந்திருந்தன. ஈஸ்டருக்கு என்றார். ஈஸ்டரும் போயிற்று, ரம்ஜானும் போயிற்று.

ஹாலில் அவரைப் பார்த்ததும், "இன்னா மாமே, ஏரி ரொம்பிச்சா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவரும் சிரித்து, ரொம்பிக்கினு கீது என்பார். அங்கே பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேருக்கு அவரைவிட நன்றாகவே கணக்கு வரும். ஒன்பதாவது வருஷத்தில் நிற்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பதினாறு வருஷம் பத்தொன்பது வருஷம் என்று பேசியவர்கள் முன்னால் எட்டு என்று எப்படிச் சொல்வது என்று இருந்தது.

மே மாதம் நடுவில் சாமான் எடுக்கப் பூந்தமல்லிக்குப் போனார். ஷம்ஷாத் வாசலுக்கு வந்தாள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் வந்துவிட்டார் என்றாள். மே இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குடும்பத்தோடு கிளம்புகிறார். கம்ப்யூட்டரும் போகிறது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

"அதுக்குள்ள வந்துடுமாண்ணே?"

கிறிஸ்துராஜ் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாதி ஆயிருந்தா பாதியே குடுங்க," என்றாள் அவள். "பாக்கிய நான் மனசுல ஓட்டிக்கிறேன். உங்க கேம்ல எப்பவும் நாளை, நாளைன்னுதான் வருது. இன்னிக்குன்னு ஒரு தபா கூட வர்ல."

இன்று என்பதற்கு எழுத்து மீதமில்லை என்று அவர் சொன்னார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு, "முடிஞ்சிடுச்சு தங்கச்சி. காப்பி போடக் குடுத்திருக்கு. வந்ததும் அனுப்பிடறேன்," என்றார்.

ஃபோனில் பேசும் குரல் அது. அவருக்கே கேட்டது.

அவள் உள்ளே போய்விட்டாள். உஸ்மான் கனி தொட்டிப் பக்கத்திலிருந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தார்.

"நைனா, எங்கிட்ட சொல்லு. பிளேட்டிங்குக்குப் போயிருக்கா, இல்ல ராடே அறுக்கலியா?"

"இல்ல பாய். நெசமாவே குடுத்துட்டேன்."

"எங்க?"

"ஓ.டி.ல, தசரதன் கடைல."

உஸ்மான் கனி ஹேண்டிலை விட்டார். கடையின் பெயர் வந்ததும் அவர் நம்பிவிட்டார். பிளேட்டிங்குக்குப் போயிருக்கிறது என்று சொல்கிறவர்கள் எந்த பிளேட்டிங் கடை என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும்.

பஷீருதீன் செவ்வாய்க்கிழமையே கம்ப்யூட்டரைப் பெட்டியில் கட்டிவிட இருந்தார். கேசட் சனிக்கிழமைக்குள் வந்துவிடும், அதுவரை விட்டு வையுங்கள் என்று ஷம்ஷாத் கேட்டுக்கொண்டாள். மற்ற சாமானெல்லாம் கட்டி, டிவியும் கம்ப்யூட்டரும் மட்டும் வெளியே இருந்தன.

வியாழக்கிழமை உஸ்மான் கனி அம்பத்தூருக்கு ஒரு வேலையாக வந்தார். வந்தவர் கிறிஸ்துராஜுக்கு எதற்கு அலைச்சல், நாமே வாங்கிக்கொண்டு போய்விடுவோம் என்று தசரதன் கடையில் ஏறினார். ஆவடி கிறிஸ்துராஜ் கொடுத்த கேசட் ஆகிவிட்டதா என்று கேட்டார்.

தசரதனிடம் யாரும் எதையும் கொடுத்திருக்கவில்லை. ஆனால் அவர் கடையில் தினமும் இருபது பேர் வந்து பாட்டு ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

"ஓடிக்கினு கீது பாய். சனிக்கிழமை வந்துடுங்க."

உஸ்மான் கனி வீட்டுக்குப் போய், கேசட் இருக்கிறது, நானே கேட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கிறிஸ்துராஜைத் தசரதன் கடையிலிருந்து கூப்பிட்டார்.

"ஒரு பாய் வந்தாரு. உன் கேசட் ஆயிடுச்சான்னாரு. நான் ஓடிக்கினு கீதுன்னு சொல்லிட்டேன். உன்ன உட்டுக் குடுப்பேனா?"

கிறிஸ்துராஜ் நன்றி சொன்னார். இத்தனை வருஷமாக உஸ்மான் கனிக்குச் சொல்லிவந்த அதே நன்றி. வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் கம்பெனிக்கு லீவு போட்டார். காய்ச்சல் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். இரண்டு நாளும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வரியாகத் தாளில் எழுதிப் பார்த்தார். குழாயை எடுத்துவிட்டு ஓட்டினார். ஒன்பதில் நின்றது. வயலை எடுத்துவிட்டு ஓட்டினார். ஒன்பதில் நின்றது. ஞானசௌந்தரி சாப்பாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் தட்டை எடுக்க வந்தபோது ஆறிப்போயிருந்தது.

"எட்டு வருசம் ஓடுதில்ல," என்றாள். "அதக் குடுத்துட்டு வாங்க. அந்தப் பொண்ணு பாதி போதும்னுதான சொல்லிச்சு?"

முடிந்துவிட்டது என்று சொல்லியாகிவிட்டது என்றார் அவர்.

"சொன்னா இன்னா? முடியலன்னு சொல்லுங்க."

பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், காப்பி போடக் கொடுத்தேன் என்றதும் பொய், தசரதன் சொன்னதும் பொய், பாய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது சொன்னதும் பொய். மூன்றையும் வரிசையாக எடுத்து வைக்க வேண்டும். வேலை முடிந்துவிட்டால் மூன்றும் தானாக உண்மையாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. மீண்டும் கேசட்டைப் போட்டார்.

கேசட்டில் எட்டு வருஷம் இருந்தது. பூந்தமல்லிக்கு சைக்கிளில் ஒரு மணி நேரம்.

சனிக்கிழமை சாயங்காலம் தசரதன் கடையில் நடந்ததை அவர் திங்கட்கிழமை காலையில்தான் தசரதன் சொல்லிக் கேட்டார். உஸ்மான் கனி மனைவியையும் அழைத்து வந்திருந்தார். தசரதன், இதோ ஆகிவிட்டது என்று ஸ்டூலைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். கடையில் யாரோ கேட்ட பாட்டுகள் பதிவாகிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினார். கிறிஸ்துராஜ் எப்படியும் வந்து கொடுத்துவிடுவார் என்று தசரதன் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கமும் முடிந்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. எங்கிட்ட ஒண்ணும் குடுக்கல பாய் என்று சொல்லிவிட்டார்.

ஷம்ஷாத் ஒன்று கேட்டாள்.

"அவரு காலி கேசட்டாவது வாங்கினாராண்ணே?"

பத்து வாங்கினார் என்றார் தசரதன்.

"அப்ப குடுக்கணும்னுதான் இருந்திருக்காரு," என்று சொல்லிவிட்டு எழுந்தாளாம்.

அவள் திட்டியிருந்தால் கிறிஸ்துராஜ் தாங்கியிருப்பார்.

திங்கட்கிழமை கம்பெனியில் ஃபோன் அடித்தது. வாடிக்கையாளர் என்று நினைத்து எடுத்தார். உஸ்மான் கனி. கம்ப்யூட்டர் போய்விட்டது என்று அவர் சொன்னார். பிறகு தொட்டிக்குக் காற்று அடிக்கும் மோட்டார் மட்டும் பின்னால் கேட்டது.

"உன் கஸ்டமருங்க எங்கிட்ட வந்து நிப்பானுங்களே நைனா. அந்த மாதிரி நின்னேன்."

கிறிஸ்துராஜ் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் உஸ்மான் கனி ஃபோனை வைத்துவிட்டார்.

அதன் பிறகும் உஸ்மான் கனி அவர்களுக்கு பிளேட்டிங் செய்தார். ஆனால் தேடி வருகிறவர்களிடம், அப்படி ஒரு சாமான் எனக்கு வரவேயில்லை என்று சொல்லத் தொடங்கினார். கோபமில்லாமல், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. முதலாளி பிளேட்டிங்கை மாங்காட்டில் வேறொருவருக்கு மாற்றினார். மாங்காட்டுக்காரருக்குக் காயவைக்கத் தெரிந்திருந்தது. கிறிஸ்துராஜ் ஃபோனில் அதே பதிலைத் தொடர்ந்து சொன்னார். வேலை அது. சொல்லி முடித்ததும் ஒரு கணம் ரிசீவரைக் கையிலேயே வைத்திருப்பார், மறுபக்கத்தில் யாராவது ஏதாவது கேட்பார்களோ என்பதைப் போல. யாரும் கேட்கவில்லை.

ஜூன் தாளில் என்ன போடட்டும் என்று அருள்தாஸ் கேட்டார். வேலை நடக்கிறது என்று போடச் சொன்னார். ஜூலையிலும் அதே வரி வந்தது. ஆகஸ்டில் இடமில்லை என்று அருள்தாஸ் எடுத்துவிட்டார். செப்டம்பரில் ஏரி ரொம்பிச்சா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராத முதல் ஞாயிறு அது. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தார். பிறகு கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

இன்னொரு வருஷம் விடியற்காலையில் எழுந்து முயன்றார். 1991 மழைக்காலத்தில் விசைகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போயின. மூன்றாம் மதகு திறக்கவில்லை, அப்புறம் ஐந்தாம் மதகு. 1993இல் வீடு மாறி வெள்ளானூர் பக்கம் போனபோது பழைய சாமான்காரர் அதை எடுத்துக்கொண்டு போனார். கேசட்டை மட்டும் ஞானசௌந்தரி பைபிள் இருக்கும் அலமாரியில் வைத்தாள்.

1996இல் காஸ் இணைப்புக்கு ரேஷன் கார்டு நகல் தேவைப்பட்டது. பூந்தமல்லியில் இறங்கி ஒரு ஜெராக்ஸ் கடையைப் பார்த்துப் போனார். பெயர்ப் பலகையைப் படித்த பிறகுதான் அது உஸ்மான் கனியின் இடம் என்று தெரிந்தது. தொட்டிகள் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு எஸ்.டி.டி. கூண்டு, ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் யாருடையதோ கல்யாணப் பத்திரிகை பாதி அடித்து நின்றது. அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள்.

"கிறிஸ்துராஜ் அண்ணே."

திரும்பிப் போய்விட வழியில்லை. பாய் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தொழுகைக்குப் போயிருக்கிறார் என்றாள். புகையில் நெஞ்சு கெட்டுப்போய் டாக்டர் சொல்லித் தொட்டிகளை எடுத்துவிட்டார்களாம். பிறகு அவள் கையை நீட்டினாள். அவர் ரேஷன் கார்டைக் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பக்கத்தைத் திருப்பினாள்.

அவர் சொன்னார். கேட்காமலேயே சொன்னார்.

"அன்னிக்கு அது முடியல தங்கச்சி. எங்கயும் காப்பி போடக் குடுக்கல."

"தெரியும்ணே."

"எட்டு வருசம் நல்லா ஓடும். ஒம்போதாவது வருசத்துல நின்னுடும். ஒன்றரை வருசம் பாத்தேன். இன்னா தப்புன்னே தெரியல."

அவள் இயந்திரத்தின் மூடியைத் தூக்கிக் கார்டைக் கவிழ்த்து வைத்தாள். மூடியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"எத்தினி வருச மழை போட்டிருந்தீங்க?"

முதல் பாகத்தில் முப்பது போட்டதாகச் சொன்னார்.

"அது தெரியும். ரெண்டாவதுல?"

"இடம் பத்தல. வெட்டிட்டேன்."

"எத்தினி ஆச்சு?"

"எட்டு."

அவள் மூடியை இறக்கினாள். அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப ஒம்போதாவது வருசத்துக்கு மழை எங்கேர்ந்து வரும்ணே?"

மழையை வெட்டிய அன்று, மொத்தம் முப்பது வருஷம் என்று எழுதியிருந்த வரியை அவர் மாற்றவில்லை. எந்த வரி என்பது இப்போதும் நினைவிலிருந்தது. எட்டு முடிந்ததும் முதலுக்குத் திரும்பாமல், இல்லாத மழையை அது தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. முப்பத்தோராவது வருஷத்தில் முதல் மழை திரும்பி வருகிறது என்று இவள்தான் எழுதியிருந்தாள். அந்த அட்டையை ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். நாற்பத்தெட்டு என்ற எண்ணை மட்டும் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

இயந்திரத்துக்குள் வெளிச்சம் ஓடிப்போய்த் திரும்பி வந்தது.

"எத்தினி காப்பி வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணு போதும்," என்றார்.